பழைய ஆட்டங்களைப் பேணுவோர்

விளையாட்டு என்பது பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடும் ஒன்று என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆயினும் உலகின் பல நகரங்களில், நாற்பது வயதைக் கடந்தோர் பலர், தாம் சிறுவராக இருந்த காலத்தில் ஆடிய வீடியோ ஆட்டங்களைத் தேடியெடுத்து, தூசு தட்டி, பழுது நீக்கி, மீண்டும் ஆடி வருகிறார்கள். அவ்வாட்டங்கள் வெளிவந்தபோது பிறந்தேயிராத இளைஞர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் புதிய ஆட்டங்களோ திரைப்படத்தை ஒத்த காட்சிகளும், மயிரிழையையும் தனித்தனியே காட்டும் நுட்பமும் வாய்ந்தவை. அவற்றையெல்லாம் விட்டு, சிறு சிறு சதுரப் புள்ளிகளால் ஆன ஒரு குள்ள மனிதன் பச்சைக் குழாய்களைத் தாண்டிக் குதித்தோடும் ஆட்டத்தை இவர்கள் நாடுவானேன்? இந்த வினாவை இன்று சற்று ஆராய்ந்து பார்ப்போம். நம்மைப் போல் தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழ்வோர்க்கு இதில் தனியே ஒரு பங்கு உண்டு என்பதையும் பின்னர்க் கூறுவேன்.

முதலில், எவற்றைப் பழைய ஆட்டங்கள் என்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘பாங்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. இரு கோடுகளும் ஒரு புள்ளியும் கொண்ட மேசைப்பந்து அது. 1978-இல் ஜப்பானிய நிறுவனமான தைட்டோவுக்காக டொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தை அமைத்தார். 1980-இல் நாம்கோ நிறுவனத்தின் டோரு இவதானி ‘பாக்-மேன்’ ஆட்டத்தைத் தந்தார். 1983 ஜூலையில் நிண்டெண்டோ நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடத்தக்க ‘ஃபேமிகாம்’ என்னும் கருவியை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கென 1985-இல் வெளிவந்ததே ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. ஏறத்தாழ அதே காலத்தில், மாஸ்கோவில் பணிபுரிந்த அலெக்ஸி பஜித்னோவ், விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தை உருவாக்கினார். இந்த இருபது இருபத்தைந்து ஆண்டுக்கால விளைச்சலே இன்று பழைய ஆட்டங்கள் என்ற பெயரால் போற்றப்படுகிறது.

நம் நாட்டுக்கு இவை வந்த வழி வேறு. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் ‘சாமுராய்’, ‘லிட்டில் மாஸ்டர்’ முதலிய பெயர்களில் கருவிகள் விற்கப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து, ஃபேமிகாம் கருவியை உரிமம் பெறாமலே ஒற்றிச் செய்த மலிவுப் பெட்டிகள் கடைத்தெருக்களை நிறைத்தன. அவை மலிவாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூலக் கருவியில் தனித்தனிச் சில்லுகளாக இருந்தவற்றை ஒரே சில்லில் அடக்கி, அதன்மேல் கறுப்புப் பிசினை ஒரு பொட்டுப் போல் வைத்து மூடிவிட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் வெற்றிடமே இருக்கும். ஆட்டங்கள் அடங்கிய நெகிழிப் பேழையை நாம் ‘கேசட்’ என்றே அழைத்தோம். அதன் மேல் 9,99,999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவையோ ஒருசில ஆட்டங்கள்தாம். அவையே பெயர் மாறியும் வரிசை மாறியும் பட்டியல் நெடுகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

சென்னையில் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும், தில்லியில் பாலிகா பஜாரும், மும்பையில் லாமிங்டன் சாலையும், பெங்களூரில் எஸ்.பி. சாலையும் இத்தகைய பொருள்களுக்குப் பெயர்பெற்றவை. சொந்தமாகப் பெட்டி வாங்க இயலாத பிள்ளைகள், மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து ஆடும் கடைகளில் வரிசையில் நின்றார்கள்.

இங்கே வெளிமாநிலத் தமிழர் நினைவுகூரத்தக்க செய்தி ஒன்று உண்டு. தந்தையின் பணிமாற்றத்தால் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் மாறிய மத்திய அரசு ஊழியர் குடும்பங்கள் பல. தில்லிக்கோ, புனேக்கோ, கொல்கத்தாவுக்கோ வந்திறங்கிய ஒரு தமிழ்ச் சிறுவனுக்கு அண்டை வீட்டுப் பிள்ளைகளின் மொழி தெரியாது. அவர்களுக்கு இவன் மொழி தெரியாது. கபடி ஆடப் போனாலும் விதிகளைப் பற்றி வாதிடச் சொற்கள் வேண்டும். வீடியோ ஆட்டத்துக்கு அது வேண்டாம். ‘காண்ட்ரா’ என்னும் ஆட்டத்தில் இரு வீரர்கள் தோளோடு தோள் நின்று முன்னேறுவர். ஒருவன் கையில் ஒரு ஜாய்ஸ்டிக், மற்றவன் கையில் மற்றொன்று. யார் முன்னே செல்வது, யார் பின்னே காப்பது என்பதை இருவரும் சொல்லாமலே அறிந்துகொள்வர். ஜப்பானில் ஆக்கப்பட்டு, வேறு நாடுகளில் ஒற்றியெடுக்கப்பட்டு, இந்தியக் கடைத்தெருவில் விற்கப்பட்ட ஆட்டத்தை, மொழி ஒவ்வாத இரு சிறுவர் ஒருங்கே அமர்ந்து ஆடினர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, மொழிபெயர்ப்பே தேவைப்படாத இந்த உறவு இன்றும் வியப்பளிக்கிறது.

நான் வாழும் அல்சூர், தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி. ஏரியும், சோமேசுவரர் ஆலயமும், ஏரிக்கு அண்மையிலுள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையும் இதன் அடையாளங்கள். 1940-இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலை, 1948-இல் தொடங்கிய தொலைபேசித் தொழிற்சாலை, 1954-இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றில் தமிழர் பலர் பணிபுரிந்துள்ளனர். எனவே இந்நகரில் திருப்புளியும் பற்றுக்கோலும் உள்ள வீடுகளுக்குக் குறைவில்லை. என் தெருவிலும் அத்தகைய அன்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டு மாடியில் கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர். தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசுவர். ஆடும் நேரத்தைவிட, பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு பழுது தேடும் நேரமே அங்கு மிகுதி. நான் கலைப் பட்டதாரி; மின்னணுவியல் கற்றவன் அல்லன். அவர்கள் செய்வதை உடனிருந்து கண்டும் கேட்டும் அறிந்தவற்றையே உங்களுக்குக் கூறுகிறேன்.

இவர்களை ஈர்ப்பது இளமை நினைவு மட்டுமே என்று கூறுவோர் உண்டு. இளமை நினைவுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதுவே முழு விடையாக இருக்குமானால், 2005-க்குப் பின் பிறந்த மாணவர் அங்கு வந்து அமர்வதற்குக் காரணம் கூற இயலாது. வேறொரு காரணமும் இருத்தல் வேண்டும். அது அவ்வாட்டங்களின் சிறுமையே என்று நான் கருதுகிறேன். சிறுமை என்று இங்கு நான் குறிப்பது இழிவை அன்று, அளவின் சுருக்கத்தை.

சூப்பர் மாரியோ ஆட்டம் முழுவதும், அதன் எட்டு உலகங்களும், படங்களும், இசையும் உட்பட, 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இதைப்போல் பல மடங்கு இடம் கொள்ளும். நம் திருக்குறளின் 1,330 பாக்களை ஒருங்குறி முறையில் கணினியில் எழுதிச் சேமித்தால், சுருக்கத்துக்குப் பெயர்போன அந்நூலும் 40 கிலோபைட்டில் அடங்காது. அக்கருவி தன் பணிக்கெனக் கொண்டிருந்த நினைவகமோ 2 கிலோபைட் மட்டுமே. 4 கிகாபைட் நினைவகம் உள்ள எளிய கைபேசி ஒன்று, அதைப்போல் 20 இலட்சம் மடங்கு இடம் உடையது.

இவ்வளவு குறுகிய இடத்தில் ஓர் உலகத்தை எவ்வாறு படைத்தார்கள்? சிக்கனத்தால்தான். அவ்வாட்டத்தில் வானத்தில் மிதக்கும் வெண்மேகத்தையும், தரையில் நிற்கும் பச்சைப் புதரையும் உற்றுநோக்குங்கள். இரண்டும் ஒரே வடிவம். நிறம் மட்டுமே வேறு. புதருக்கெனத் தனிப்படம் வரைந்து வைக்க இடமில்லாமையால் மேகத்துக்கே பச்சை வண்ணம் பூசித் தரையில் வைத்துவிட்டார்கள். இசையும் அப்படியே. அக்கருவியின் ஒலிப்பகுதி ஒரே நேரத்தில் மூன்று சுரங்களையும் ஓர் இரைச்சலொலியையும், பதிவுசெய்த சிற்றொலி ஒன்றையும் மட்டுமே எழுப்பவல்லது. அவ்வளவைக் கொண்டே கோஜி கொண்டோ என்னும் இசையமைப்பாளர் அமைத்த மெட்டு, நாற்பதாண்டு கழிந்தும் உலகெங்கும் முணுமுணுக்கப்படுகிறது. குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த சுவை ஆக்குவது எக்கலைக்கும் உரிய சிறப்பன்றோ?

சிறிய பொருளுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. அதை ஒருவர் முழுவதும் அறிந்துகொள்ள இயலும். இன்றைய பெரிய ஆட்டம் ஒன்றை நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்து ஆக்குகின்றனர். அவருள் ஒருவரும் அதனை முழுமையாக அறிந்தவர் என்று கூறுவதற்கில்லை. பழைய ஆட்டத்தையோ, பொறுமையுள்ள ஒருவர் ஓராண்டு உழைத்தால், அதன் ஒவ்வொரு கட்டளையையும் படித்துணர இயலும். கருவியின் உட்பகுதியும் அத்தகையதே. எந்தக் கம்பி எங்கே செல்கிறது, எந்தக் கண்டென்சர் பழுதுபட்டது என்பதைக் கண்டுபிடித்து, சில ரூபாய் விலையுள்ள உறுப்பை மாற்றிப் பற்றவைத்தால் பெட்டி மீண்டும் உயிர் பெறும். இன்று நாம் வாங்கும் கருவிகளில் பலவற்றைத் திறக்கவே இயலாது. திறந்தாலும் திருத்த இயலாது. தாம் பயன்படுத்தும் பொருளைத் தாமே புரிந்துகொண்டு பேண வேண்டும் என்னும் இயல்பான விருப்பம் மனிதருக்கு உண்டு. அதை நிறைவேற்றிக்கொள்ள இடந்தருபவை இப்பழைய பெட்டிகள்.

இங்ஙனம் முழுவதும் அறிந்த பின்னும் அவ்வாட்டங்கள் சலித்துவிடுவதில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். நிண்டெண்டோ கருவிக்கான டெட்ரிஸ் ஆட்டம் 1989-இல் வெளிவந்தது. அதில் 29-ஆம் நிலையை எட்டியதும் கட்டைகள் விழும் விரைவு இரு மடங்காகிவிடும். மனிதக் கை அதற்கு மேல் செல்லாது என்றே நெடுங்காலம் எண்ணினர். பின்னர் ஆர்வலர் சிலர், பொத்தானை விரலால் அழுத்துவதற்கு மாறாக, கைக்கருவியின் பின்புறத்தை விரல்களால் மிருதங்கம் வாசிப்பதுபோல் அடுத்தடுத்துத் தட்டும் முறையைக் கண்டனர். அம்முறையால் எல்லை விரிந்துகொண்டே சென்றது. 2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலையை எட்டியபோது, ஆட்டமே மேற்செல்ல இயலாமல் உறைந்து நின்றுவிட்டது. வெளிவந்து 34 ஆண்டுகள் கழிந்தபின், அது வெளிவந்தபோது பிறந்தேயிராத ஒரு சிறுவன் அதன் எல்லையைக் கண்டான்.

பழைய கருவிக்காகப் புதிய ஆட்டங்கள் இயற்றுவோரும் உளர். 2019-இல் வெளிவந்த ‘மைக்ரோ மேஜஸ்’ என்னும் ஆட்டம், அந்தப் பழைய 40 கிலோபைட் வரம்பைத் தானே விரும்பி மேற்கொண்டு, நால்வர் ஒருங்கே ஆடும்படி அமைக்கப்பட்டது. வெண்பாவின் இலக்கணத்துக்குள் நின்று இன்றும் பாடுகின்ற புலவரின் மகிழ்ச்சிக்கும் இவர்களின் மகிழ்ச்சிக்கும் வேற்றுமை மிகுதியில்லை.

இனி இவ்வாட்டங்களுக்கு நேர்ந்துவரும் ஆபத்தைப் பார்ப்போம். இயந்திரம் மூப்படையும். கண்டென்சர்கள் நாளடைவில் கசிந்து, சுற்றியுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். ஆடியவர் விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் கேசட்டுகளில் பொத்தான் அளவு மின்கலம் ஒன்று உண்டு; அது தீர்ந்தால் சேமித்த நிலை அழிந்துபோகும். கேசட் இயங்காதபோது அதன் வாயில் ஊதுவது நாம் அனைவரும் செய்த வைத்தியம். அதனால் பயனில்லை, வாயின் ஈரம் உலோக முனைகளை அரிக்கும் என்று நிண்டெண்டோ நிறுவனமே எச்சரித்தது. சாராயத் தன்மையுள்ள தூய்மை நீர்மத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைப்பதே தக்க முறை என்று எங்கள் தெரு அன்பர்கள் கூறுகின்றனர்.

பெட்டி மட்டும் இருந்தால் போதாது. பழைய தொலைக்காட்சியும் வேண்டும். வாத்துகளைத் துப்பாக்கியால் சுடும் ‘டக் ஹண்ட்’ ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். அத்துப்பாக்கியிலிருந்து ஒன்றும் வெளிப்படுவதில்லை. விசையை இழுத்ததும் திரை நொடியில் ஒரு சிறு பகுதி கறுத்து, பின் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றி மறையும். துப்பாக்கியின் முனையிலுள்ள கண் அவ்வொளியைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். இக்கணக்கு, படக்குழாயில் மின்கதிர் கோடு கோடாக ஓடிப் படம் வரையும் விரைவைச் சார்ந்தது. இன்றைய தட்டைத் திரைகள் படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுவதால், அவற்றின்முன் அத்துப்பாக்கி குருடாகிவிடுகிறது. சாலிடேர், டயனோரா, பி.பி.எல். முதலிய பெயர்களைத் தாங்கி நம் கூடங்களில் வீற்றிருந்த படக்குழாய்ப் பெட்டிகளும், 2006 முதல் தமிழ்நாட்டரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளும் இன்று பழைய இரும்புக் கடைக்குச் சென்றுகொண்டிருக்கின்றன.

இதற்கு ஆர்வலர் கண்ட மாற்று வழி, என் தொழிலுக்கு மிக அண்மையில் நிற்பது. ‘எமுலேட்டர்’ என்னும் நிரல் ஒன்றை எழுதினர். பழைய ஆட்டம், பழைய சில்லுக்கு மட்டுமே புரியும் கட்டளைகளால் ஆனது. இன்றைய கணினிக்கு அம்மொழி தெரியாது. எமுலேட்டர் இடையில் துபாஷியாக அமர்ந்து, பழைய கட்டளை ஒவ்வொன்றையும் வாசித்து, அதற்கு நேரான செயலைப் புதிய கணினியைக்கொண்டு செய்விக்கிறது. சிறுவர் இருவரிடையே மொழிபெயர்ப்பு வேண்டாதிருந்த ஆட்டத்துக்கு, இயந்திரம் இரண்டனிடையே மொழிபெயர்ப்பு வேண்டியதாயிற்று. இவற்றுள் புகழ்பெற்ற ‘மேம்’ என்னும் நிரலை இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997-இல் வெளியிட்டார். ஆடுவது துணைப்பயனே, பழைய இயந்திரங்களின் அமைப்பை ஆவணமாக்கி வைப்பதே முதல் நோக்கம் என்று அதனை வளர்ப்போர் கூறி வந்துள்ளனர்.

மொழிபெயர்ப்பாளர் அனைவரும் எதிர்கொள்ளும் வினா இவர்களுக்கும் எழுந்தது. மூலத்தில் பிழை இருந்தால் என்செய்வது? ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் பகைவர் எண்ணிக்கை குறையக் குறைய, எஞ்சியோர் விரைவு மிகும். இது முதலில் திட்டமிட்டுச் செய்ததன்று. அக்காலத்துச் சில்லின் ஆற்றல் குறைவாதலால், பகைவர் பலர் இருக்கும்போது அனைவரையும் நகர்த்த நேரம் பிடித்தது. சிலரே எஞ்சியபோது வேலை எளிதாகி விரைவு கூடிற்று. அது ஆட்டத்துக்குச் சுவையூட்டியதைக் கண்ட நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். புதிய கணினியின் விரைவில் அவ்வாட்டத்தை ஓட்டினால் இச்சுவை கெடும். பாக்-மேன் ஆட்டத்திலோ, நிலைகளை எண்ணும் எண் 255-க்கு மேல் செல்லாது. ஆகவே 256-ஆம் நிலையில் திரையின் வலப்பாதி குழம்பிச் சிதறும். நேர்மையான எமுலேட்டர் அக்குழப்பத்தையும் அப்படியே காட்டுதல் வேண்டும். மூலத்தின் குறையைத் திருத்தி அழகுபடுத்தாமல், மூலம் மூச்சுவிடும் இடத்தில் மூச்சுவிட்டு, அது தடுமாறும் இடத்தில் தடுமாறுவதே இவர்கள் கொண்ட நெறி. அரசு ஆவணங்களை மொழிபெயர்க்கும் என்போன்றோர்க்கும் அது நெறியே.

இங்குச் சட்டத்தின் குறுக்கீடு ஒன்று உண்டு. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்ற வகையுள் அடக்குகிறது. பாக்-மேனும் ஒரு வகையில் இலக்கியம் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் சட்டம் அவ்வாறே கொள்கிறது. நிரலை முறையாகப் பெற்று வைத்திருப்பவர், அது அழிந்துவிடாமல் காக்கத் தமக்கெனக் காப்புப்படி எடுத்துக்கொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது. அப்படியைப் பலருக்கும் பகிர்ந்தளிப்பது வேறு. உழைத்து ஆக்கியவரின் உரிமையை மதிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிமையாளரே பொருளைக் கைவிட்டுவிட்டால் யார் பேணுவது? அமெரிக்காவில் வெளிவந்த பழைய ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று 2023-இல் அந்நாட்டின் வீடியோ ஆட்ட வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அவற்றை ஆராய்ச்சியாளர் நூலகத்துக்கு வராமலே தொலைவிலிருந்து பயன்படுத்த விலக்கு வேண்டும் என்று நூலகங்கள் கேட்டதை, 2024 அக்டோபரில் அந்நாட்டு அதிகாரிகள் ஏற்கவில்லை. ஆகவே, விற்பவரும் இன்றி, நூலகத்தின் கையும் கட்டுண்டு நிற்கையில், பேணும் பொறுப்பு மாடியில் கூடும் ஆர்வலர் கைக்கே வந்து சேர்கிறது.

பேணுதல் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது. பழைய ஏடு சிதையும்முன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி வந்தமையால்தான் சங்க நூல்கள் நம் காலம்வரை வந்தன. பெயர்த்தெழுதாமல், ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்டு மறைந்த சுவடிகளும் பல. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அவர்முன் இருந்தவை அங்ஙனம் யாரோ சிலர் தம் ஆர்வத்தால் எழுதிவைத்த படிகளே. காப்பியத்தையும் வீடியோ ஆட்டத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் முற்படவில்லை. பெயர்த்தெழுதப்படுவது பிழைக்கும், பெயர்த்தெழுதப்படாதது அழியும் என்னும் நியதி இரண்டுக்கும் பொது என்பதையே கூறுகிறேன்.

விளையாட்டைப் பதிவு செய்யத்தக்க பொருளாகக் கருதிய முன்னோரும் இந்நாட்டில் இருந்தனர். 1794 முதல் 1868 வரை வாழ்ந்த மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் பெருந்தொகுப்பில் ஒரு பகுதியை விளையாட்டுகளுக்கென்றே ஒதுக்கினார். மன்னர் ஒருவர் சீட்டாட்டத்தையும் பலகை ஆட்டத்தையும் எழுதி வைத்தார் என்றால், அவை வீண்பொழுது என்று அவர் கருதவில்லை என்பது வெளிப்படை.

நேயர்களே, இப்போது தொடக்கத்தில் நான் கூறிய நம் பங்குக்கு வருகிறேன். ஜப்பானில் வெளிவந்த ஆட்டங்களின் வரலாறு நூல்களாக எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்காவிலும் அவ்வாறே. நம் கடைத்தெருக்களில் விற்ற ஒற்றுப் பெட்டிகளுக்கோ எழுதிய வரலாறு மிகக் குறைவு. அவற்றைச் செய்தோர் தம் பெயரை வெளிப்படுத்தவில்லை. விற்றோர் பற்றுச்சீட்டுத் தரவில்லை. ஒற்றுப் பொருள் என்பதால் காட்சிச்சாலைகளும் பெரும்பாலும் அவற்றை மதித்துச் சேர்க்கவில்லை. ஆயினும் இலட்சக்கணக்கான இந்தியப் பிள்ளைகள் கணினியின் அருகே முதன்முதலில் வந்தது அப்பெட்டிகள் வழியாகவே. எட்டு உலகங்களையும் கடந்த அண்டை வீட்டு அண்ணனைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் அமர்ந்து பார்த்த மாலைப்பொழுதுகள், எந்தக் கேசட்டிலும் பதிவாகவில்லை.

ஆகவே, அடுத்த முறை பரணைத் தூய்மை செய்யும்போதோ, வீடு மாறும்போதோ, அத்தகைய பெட்டியோ கேசட்டோ கண்ணிற்பட்டால், எடைக்குப் போடுமுன் சற்று நில்லுங்கள். மின்கலம் உள்ளே கசிந்திருந்தால் அதனை எடுத்துவிடுங்கள். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். உங்கள் ஊரில் இத்தகைய ஆர்வலர் இருந்தால் அவர்களிடம் ஒப்படையுங்கள். பெட்டி இல்லாவிடினும், ஒரு தாளை எடுத்து எழுதி வைக்கலாம். எந்த ஆண்டு, எந்த ஊரில், எந்தக் கடைத்தெருவில், என்ன விலைக்கு வாங்கினீர்கள். மணிக்கணக்கில் ஆட விட்ட கடையில் எவ்வளவு கொடுத்தீர்கள். அவ்வாட்டத்தை உங்கள் தெருப்பிள்ளைகள் என்ன பெயரிட்டு அழைத்தீர்கள். யாரோடு சேர்ந்து ஆடினீர்கள், அவர் வீட்டு மொழி எது என்று இவற்றைக் குறித்து வையுங்கள். சிறிய செய்திகளே ஆயினும், கருவியை எமுலேட்டர் பெயர்த்தெழுதிவிடும். இவற்றை நாமல்லாமல் வேறு எவரும் பெயர்த்தெழுத இயலாது.

எங்கள் தெரு மாடியில் இப்போது ஒரு பழைய பெட்டியின் ஒலிப்பகுதியைச் சரிசெய்து வருகிறார்கள். படம் வருகிறது, இசை வரவில்லை. ஓய்வுபெற்ற பெரியவர் பூதக்கண்ணாடியோடு அமர்ந்திருக்க, மாணவர் இருவரும் அவருக்கு விளக்குப் பிடிக்கின்றனர். அவர் தம் நாற்பதாண்டுத் தொழிலறிவை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வேலை செய்கிறார். இத்தகைய கூட்டம் உங்கள் ஊரிலும் எங்கேனும் ஒரு மாடியில் நடந்துகொண்டிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.